துண்டுக்குள் ஒரு நூறு ரூபாய்

சம்பள நாளில் மில் வாசலில் கடலை நன்றாக இருக்கும். மற்ற நாட்களில் பிச்சையம்மாள் முதல் நாள் வறுத்ததையே சூடு பண்ணி விற்பாள். சம்பளத்தன்று மட்டும் அங்கேயே அடுப்பு மூட்டி, மணல் கொட்டி, கண் முன்னால் வறுத்துத் தருவாள். 1962 ஜனவரிச் சம்பளத்தன்றும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் நான் வரிசையில் நின்றேன்.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ரத்தினவேல் அண்ணனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அவரோடு நெருங்கிப் பழகியவன், நாலு புத்தகம் படித்தவன் என்பதால் என்னைக் கேட்டதாகச் சொன்னீர்கள். இரண்டும் உண்மைதான். ஆகவே எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலுப்பூர் சாலை நூல் மில்லில் நான் அப்போது டைம் ஆபீஸ் கிளார்க். டெம்பரவரி. அண்ணன் ஃபிட்டர், சங்கத்தின் பொருளாளர். நீங்கள் ஐந்து வருடத்துக்குள் வந்தவர்கள். துண்டு வசூலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சம்பளத்தன்று சங்கத்துக்கும் அதன் கட்சிக்கும் நிதி சேர்க்க அண்ணன் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தன் துண்டைப் பை மாதிரி மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். வருகிறவர் மூடிய கையை உள்ளே விட்டு, விரல்களைப் பிரித்து, மறுபடி மூடிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே அவர்தான். கூட்டுகிற அம்மாள் ஐந்து பைசா போடுவாள், மேஸ்திரி இரண்டு ரூபாய் போடுவார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கூச வேண்டாம் என்பார். என்னைப் போன்ற ஆபீஸ்காரர்கள் சிலரும் துணிந்து வரிசையில் நின்றது அதனால்தான்.

அது தேர்தல் மாதம். இரண்டு கட்சிக்கும் அப்போது ஒரே பேச்சு, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. மில்லின் முதலாளி ஒரு கட்சிக்குப் பெரிய தொகை கொடுத்திருந்தார். சங்கம் சார்ந்த கட்சிக்காரர்கள் சந்தைப்பேட்டையில் மேடை போட்டு, "இரும்புப் பெட்டிக்குப் பொறந்த கட்சி" என்றார்கள். மறுநாள் அதே இடத்தில் மற்றவர்கள் மேடை போட்டார்கள். "நாங்க செக்குல வாங்குறோம், கணக்கு இருக்கு. ஒங்களுக்கு யாரு குடுத்தான்னு ஒங்களுக்கே தெரியாது. மூடுன கையில என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்கய்யா" என்றார்கள். கூட்டம் இரண்டு நாளும் கை தட்டியது. பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

சம்பளத்துக்கு முதல் நாள் மானேஜர் ஆவுடையப்பன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர்.

"நீயும் அந்தத் துண்டுல ஏதோ போடுவியாமே?"

நான் கையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடினேன்.

"போடப்பா. தப்புன்னு யாரு சொன்னா? இந்த மாசம் இதைப் போடு." மேஜைமேல் மடித்த நூறு ரூபாய் நோட்டை வைத்தார். "ஒனக்கு மூணு வருஷம் முடியப்போவுதுல்ல? பைல் எங்கிட்டத்தான் இருக்கு."

எதற்காக என்று நான் கேட்கவில்லை. எதற்கென்று தெரியாது என்று இப்போது எழுதினால் அது முழு உண்மையாகாது. மறுநாள் இடது கையில் கடலைப் பொட்டலம், வலது கையில் நோட்டு. அண்ணன் துண்டை விரித்துக்கொண்டே, "என்ன தம்பி, கடலை வாசம் இங்க வரைக்கும் அடிக்குது, எனக்குக் கெடையாதா?" என்றார். நான்கு கடலையை அவர் சட்டைப் பையில் போட்டேன். பிறகு வலது கையைத் துண்டுக்குள் விட்டேன்.

அப்போது நான் நகர நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பனி கொட்டும் ஊர்கள், வாடகை அறைகள், நீண்ட கோட்டுகள். அந்தக் கதைகளில் தவறு செய்தவனுக்குக் காய்ச்சல் வரும். கை நடுங்கும். படிக்கட்டில் விழுவான். எனக்கு அன்று நன்றாகப் பசித்தது, தூங்கினேன். ஆகவே நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் அந்த நோட்டை மறைத்திருக்கலாம். மாதம் எழுபது ரூபாய் வாங்குகிற கூட்டத்தில் நூறு ரூபாயை யார் போடுவார்? அவர் சங்கக் கட்டடத்தில் எல்லோர் முன்னாலும் துண்டை உதறினார், நோட்டைத் தூக்கிக் காட்டினார், கரும்பலகையில் 'பெயர் சொல்லாத தோழர் - ரூ. 100' என்று எழுதினார். எங்கே போனாலும் சந்தோஷமாக அதைத்தான் சொன்னார். யாரோ தாலிக்கொடியை அடகு வைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பினார்.

ஒரு வாரம் கழித்து எதிர்க்கட்சி, அதாவது முதலாளி பணம் கொடுத்த கட்சியின் மேடையில் ஒருவர் நோட்டின் நம்பரைப் படித்தார். "மில் கேஷியர் குறிச்சு வச்ச நம்பர். போயிச் சங்கப் பெட்டியைத் தொறந்து பாருங்க. இங்கிட்டு வாங்குனா இரும்புப் பெட்டி, அங்கிட்டு வாங்குனா தியாகமா?" பெட்டியைத் திறந்தார்கள். நம்பர் சரியாக இருந்தது.

அதன்பின் நடந்ததில் என் கை எதுவும் இல்லை. எதிர்க்கட்சி, சங்கமே முதலாளியிடம் வாங்குகிறது, ரத்தினவேல் அதற்குத் தரகர் என்றது. அண்ணன் சார்ந்த கட்சியோ, சங்கம் வாங்கவில்லை, ரத்தினவேல் தனியாக வாங்கிப் பயந்துபோய்த் துண்டில் போட்டுவிட்டார் என்று நோட்டீஸ் அடித்தது. இரண்டு கட்சியும் அந்த ஒரு மாதத்தில் ஒத்துப்போனது அவர் விஷயத்தில் மட்டும்தான். சங்கத்திலிருந்து நீக்கினார்கள். இரண்டு நாளில் மில்லும் கணக்கை முடித்து அனுப்பியது.

நூல் சுற்றும் பகுதிப் பெண்கள்தான் ஒரு வழி சொன்னார்கள். கருப்பர் கோயிலில் கற்பூரம் ஏற்றி, கையால் அடித்து அணைத்து, 'நான் வாங்கவில்லை' என்று சொல்லட்டும். ஊரில் ஆட்டுத் திருட்டிலிருந்து பாகப்பிரிவினை வரை அதோடு தீர்ந்துவிடும். கற்பூரம் அடித்தவனை அப்புறம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஆனால் அதில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவன் அடித்தால், அந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் வரிசையாக அடிக்க வேண்டும். அன்று துண்டுக்குள் கைவிட்ட ஒவ்வொருவரும்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அப்போதும் கிடையாது.

அண்ணன் என் அறைக்கு வந்தார். சங்க விவகாரத்தில் சாமியை இழுக்கக் கூடாது என்று இரண்டு வருடம் முன்னால் தீர்மானம் கொண்டுவந்தவரே அவர்தான். அதை எழுதிக் கொடுத்தவன் நான். "பொம்பளைக சொல்றாக தம்பி. அடிச்சுட்டா முடிஞ்சுபோகும்ங்கிறாக. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் பொறுமையாகப் பேசினேன். இன்று கற்பூரம் அடித்தால் நாளை போனஸ் வழக்குக்கும் பூசாரியைக் கூப்பிடுவார்கள் என்றேன். ஒரு மனிதன் தன் கொள்கைக்காகத் தனியாக நின்ற கதைகளைச் சொன்னேன். அவை நல்ல கதைகள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராச்சும் இருக்கீங்களே" என்றார். மறுநாள் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. அவர் போகவில்லை.

வாங்கவில்லை என்றால் ஏன் அடிக்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். அடிக்காதவன் வாங்கியவன் என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு.

அவர் மனைவி உண்ணாமலை ஒரு காலை மில் வாசலுக்கு வந்து என்னை நிறுத்தினார். குடம் இடுப்பில் காலியாக இருந்தது.

"சாமி இல்லைங்கிறது அவுகளுக்கும் ஒங்களுக்கும் கொள்கை தம்பி. எனக்குத் தண்ணி வேணும். கெணத்தடியில நான் போனா எல்லாரும் கயித்த எடுத்துக்கிட்டு ஒதுங்குறாக. சின்னவ பள்ளிக்கூடத்துல 'நூறு ரூவா மக'ன்னு கூப்பிடுறாகளாம்."

"கொஞ்ச நாளில் சரியாகிவிடும் அக்கா."

"அன்னைக்கு நீங்களும் வரிசையில நின்னீகளாம். யாரு போட்டதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"மூடுன கையில எப்படித் தெரியும்?" என்றேன். அவர் காலிக் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். பிறகு, "அதுவும் சரிதான். மன்னிச்சுக்கங்க தம்பி, வெறுப்புல கேட்டுட்டேன்" என்று போனார். அவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் அண்ணன் மறுபடி வந்தார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். நான் ஒரு நாவலின் கடைசிப் பகுதியில் இருந்தேன்.

"தம்பி, கற்பூரம், கட்சி எல்லாம் கெடக்கட்டும். நான் வாங்கலைன்னு நீங்க நம்புறீங்கள்ல?"

நம்புகிறேன் என்று சொல்வது சுலபம். ஆனால் அவர் கூர்மையானவர். ஊரே சந்தேகப்படும்போது இவன் மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறான் என்று யோசித்துவிடுவார் என்று பட்டது. நான் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்துவிட்டு, "நான் நம்பி என்னண்ணே ஆகப்போகுது?" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தண்ணீர் கேட்டார். அண்ணாந்து குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாரேன்" என்றார். மூன்றாம் நாள் கல்குவாரித் தண்ணீரிலிருந்து அவரை எடுத்தார்கள். சட்டைப் பையில் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

இரண்டு கட்சியிலிருந்தும் மாலை வந்தது. எதிர்க்கட்சியோ, சங்கத் தலைவர்களே அவரைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்றது. சங்கத்தின் கட்சி, முதலாளியின் சதி என்றது. வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருந்ததால் இரண்டு பேச்சும் நன்றாக எடுபட்டன. நூறு ரூபாய் எந்தக் கட்சிக்கும் போகவில்லை. பெட்டியிலேயே கிடந்ததாகச் சொன்னார்கள். மாசி மாதம் என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். அது இதற்காக அல்ல. எனக்கு மூன்று வருடம் முடிந்திருந்தது.

உண்ணாமலை அக்கா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆவூர்ப் பக்கம் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். கட்டட வேலைக்குக் கல் சுமப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு தீபாவளிக்குப் பெயர் போடாமல் இருபது ரூபாய் மணியார்டர் அனுப்பலாம் என்று போஸ்ட் ஆபீஸ் வரை போனேன். பெயர் போடாமல் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது மறுபடி தேர்தல் வருகிறது. சங்கப் பணம், முதலாளி பணம் என்று அதே பேச்சு கேட்கிறது. நீங்கள் அண்ணன் படத்தைச் சங்கக் கட்டடத்தில் மாட்டப்போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம். சிலர் இன்னும் சந்தேகப்படுவதாகவும், அவர் குற்றமற்றவர் என்று மலரில் அழுத்தமாக ஒரு வரி வேண்டும் என்றும் கேட்டீர்கள். அந்த வரியை எழுதத் தகுதி உள்ளவன் ஊரில் நான் ஒருவன்தான். ரத்தினவேல் யாரிடமும் பணம் வாங்கவில்லை. அந்த நோட்டைப் போட்டது நான். அவரைக் கோயிலுக்குப் போகவிடாமல் தடுத்தவன் நான். அவர் கடைசியாகக் கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பியவனும் நான்.

இதை நான் மறைத்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த ஐந்து வருடத்தில் ஒரே ஒருவர் என்னிடம் நேராகக் கேட்டிருந்தால்கூட, அப்போதே சொல்லியிருப்பேன்.