சில்லுச் சத்தம்

புதுக்குடியிருப்பு பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு பெண்ணும் றேடியோ திருத்தும் இளைஞர் ஒருவரும். கனடாவிலிருக்கும் மகனுக்கு அந்தப் பெண் வீட்டிலேயே கசற்றில் பேசி அனுப்புகிறாராம். கரண்ட் இல்லாத ஊர்; கணவர் சைக்கிள் மிதிக்க, டைனமோவில்தான் ரெக்கோடர் ஓடும்.

"தம்பி, எந்த மைக் நல்லது?"

"அக்கா, மைக் பிறகு. முதல் சைக்கிளை நிப்பாட்டுங்கோ, கசற் முழுக்கச் சில்லு சுத்துற சத்தம். ட்ரக்டர் பற்றரி ஒண்டு எடுத்தா ரெக்கோடர் அதில ஓடும், மைக்கோட சின்ன அம்பிளிபயரும் பூட்டித் தாறன். உங்கட குரல் மட்டும் துப்பரவா விழும்."

"சில்லுச் சத்தம் இருக்கட்டும்."

இளைஞர் சிரித்தார். "ஆராவது அப்பிடிச் சொல்லுவினமோ?"

"மகன் தகப்பனிட்டைச் சொல்லாமல் வெளிநாடு போனவன். அண்டையிலயிருந்து இவர் அவனோட கதைக்கிறேல்லை. ஆனா நான் கசற்றை எடுத்தா, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு தானே போய்ச் சைக்கிளில ஏறுவார். நான் கதைச்சு முடியுமட்டும் இறங்கமாட்டார். பெடியன் அந்தச் சத்தத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கிறானாம்."



"அப்ப பற்றரி வேண்டாம் அக்கா," என்றார் இளைஞர். "மைக்கைச் சைக்கிள் பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பம்."