ஏரிக்கரையில் என் ஓரகத்திக்கு வழி சொன்னது தொடர்பாக

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் பதிந்துள்ளபடி. வயது நாற்பத்தொன்று. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை செய்கிறேன். கணவர் பேருந்து ஓட்டுநர். ஒன்பது வயதில் ஒரே மகள். காயம்பட்டவர் என் கொழுந்தனின் மனைவி, அதாவது என் ஓரகத்தி. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

விடுமுறைக்காக, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வண்டி ஒன்றை என் கணவரும் கொழுந்தனும் வாடகைக்கு எடுத்தார்கள். ஐந்து பேரும் கிளம்பினோம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் பரண் படுக்கை எனக்கும் மகளுக்கும் என்று பேச்சு. முதல் நாளே மகள், "நான் சித்திகூடப் படுத்துக்கறேன்" என்று போய்விட்டாள். நான் முட்டை பொரித்தால் எல்லோரும் சாப்பிட்டார்கள். ஓரகத்தி பொரித்தால் புகழ்ந்தார்கள்.

அதன் பிறகு ஏரிக்கரை முகாமில் வண்டியை நிறுத்தி, அங்கேயே சைக்கிள்கள் வாடகைக்கு எடுத்தோம். என் மகளுக்கு சைக்கிள் வராது. இரண்டு விடுமுறைகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் குனிந்தபடியே ஓடியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அன்று சாயங்காலம் ஓரகத்தி, "விழுந்தா விழு, புல்லுதானே?" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். மகள் ஓட்டினாள். முகாமை ஒரு சுற்று சுற்றி வந்து, "சித்தி, பாத்தியா?" என்று கத்தினாள். நான் ஓரகத்தியின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை குழாயடியில் முகாம் காவலாளி என்னிடம், "மேல் பாதையிலயே போங்கம்மா. கீழ்ப் பாதையில கரை இடிஞ்சு கிடக்கு, இன்னும் தடுப்பு வைக்கல" என்றார். சரி என்றேன். திரும்பி வந்தபோது ஓரகத்தி என் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். காவலாளி சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மீது எந்தத் தவறும் இல்லை.

அதன் பிறகு எல்லோரும் சைக்கிளில் கிளம்பினோம். கணவரின் சைக்கிளில் சங்கிலி கழன்றதால் அவரும் கொழுந்தனும் மகளும் பின்தங்கினார்கள். பாதை பிரியும் இடத்தில் முன்னால் போன ஓரகத்தி திரும்பி, "அக்கா, எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "கீழ" என்றேன். அவள் போனாள். நான் செருப்பைச் சரிசெய்வதுபோல அங்கேயே நின்றேன். அவள் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சேற்றில் மாட்டி அசடு வழியத் திரும்பி வர வேண்டும், அதை மகள் பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அப்போது, "சித்தி, இரு, நானும் வரேன்!" என்று கத்திக்கொண்டே மகள் என்னைத் தாண்டிச் சரிவில் இறங்கினாள். நில்லு நில்லு என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓட்டத்தான் கற்றிருந்தாளே தவிர, பிரேக் பிடிக்க இன்னும் பழகவில்லை. ஓரகத்தி இடிந்த இடத்தைப் பார்த்து முன்பே இறங்கிப் பத்திரமாக நின்றிருந்தாள். குழந்தை வருவதைப் பார்த்ததும் பாதையின் நடுவில் வந்து குறுக்கே நின்று ஹேண்டில்பாரைப் பிடித்தாள். மகள் பாதையிலேயே விழுந்தாள், முழங்காலில் சிராய்ப்பு மட்டும். ஓரகத்தி மல்லாக்க கரையிலிருந்து பாறைமேல் விழுந்தாள். தொடை எலும்பும் தோள்பட்டையும் முறிந்தன.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் விசாரித்த காவலரிடம் ஓரகத்தி, "யாரும் வழி சொல்லல சார். நானாத்தான் திரும்பினேன்" என்றாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். மகள் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கணவர், "தங்கம்டி அவ" என்றார். அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்தேன்.

மனசாட்சி உறுத்தியதா என்று அதிகாரி கேட்டார். உறுத்தியது. ஆனால் அதற்காக மட்டும் வரவில்லை. என் மகளை அவள் காப்பாற்றினாள், அதற்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். என்னையும் அவளே காப்பாற்றினாள் என்று வாழ என்னால் முடியாது.

மேலே சொன்னவை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே சொன்ன உண்மைகள். எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. முதல் தாளில், காரணம் என்ற இடத்தில் அதிகாரி "கவனக்குறைவால்" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "பொறாமையால்" என்று எழுதச் சொன்னேன். அவ்வாறே திருத்தப்பட்டது.

(ஒப்பம்)