வெங்கட்ரமணன் சாரின் அடுப்படி

சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்திருந்தால் காலையில் லைட் போட வேண்டியதில்லை, மேடம். எங்களுடையது வடக்கே பார்த்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தல்லாகுளத்தில் இரண்டாம் மாடியில் சொந்த வீடு அமைவதே இன்றைக்குப் பெரிய காரியம்.

சித்திரையில் என் கொழுந்தியாள் திருப்பரங்குன்றத்தில் புதுவீடு பால்காய்ச்சினாள். அந்த வீட்டுச் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மனைவி முத்துமீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. நடுவில் ஒரு மேடை, சுற்றி நின்று நாலு பேர் காய் நறுக்கலாம். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். ஆனாலும் ஆசை ஆசைதானே. நாலு லட்சம் ஒதுக்கினேன். நான் தணிக்கைப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஒதுக்கியதற்கு மேல் செலவழிப்பதை என்னால் ஒழுக்கக்கேடாகத்தான் பார்க்க முடியும்.

கான்ட்ராக்டர் ஜுல்பிகர் வந்து அளந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்.

“அண்ணே, இம்புட்டு இடத்துக்குள்ள மேடையப் போட்டா அக்கா எங்கிட்டு நிப்பாங்க? அக்கா கேக்குறது அமையணும்னா இன்னொரு அடுப்படி அளவுக்கு இடம் வேணும்.”

இன்னொரு சமையலறை. அந்த வார்த்தையை அவர்தான் சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். பக்கத்து வீட்டில் வெங்கட்ரமணன் சார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி ராஜஸ்ரீ அம்மா போன வருடம் தவறிவிட்டார். அவர் வீட்டுச் சமையலறைக்கும் எங்களுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். சார் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர். காலையில் ஒரு காபி போடுவதற்காக ஒரு முழு அறை, கிரானைட், கிழக்கு ஜன்னல். வீணாவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அலுவலகத்திலும் அப்படித்தான்.

மகன் ஹரிஷங்கருக்குக் குழந்தை பிறந்ததைப் பார்க்க அவர் புனேவுக்குப் போனார். ஆடி முடிந்துதான் வருவேன் என்று சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். தங்கமான மனிதர்.

சார் தன் சமையலறையை எங்களுக்கே கொடுத்துவிட்டார் என்று ஜுல்பிகரிடம் சொன்னேன். சுவர் பாரம் தாங்குகிறதா என்று முதலில் கேட்டேன். தாங்கவில்லை, சும்மா தடுப்புதான் என்றார். அதன் பிறகுதான் இடிக்கச் சொன்னேன். மாடியில் குடியிருப்பவர்களின் உயிர் விஷயத்தில் நான் விளையாட மாட்டேன்.

சாருடைய ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்தோம். பூசி, ஹாலுக்கு அடித்திருந்த அதே வெளிர்மஞ்சள் வண்ணத்தைத் தேடி வாங்கி அடித்தோம். சுவர் மொட்டையாகத் தெரிந்தது. ராஜஸ்ரீ அம்மாவின் படத்தை அந்த இடத்தில் மாட்டி மாலை போட்டேன். நாலு லட்சத்துக்குள் எல்லாம் முடிந்தது.

“அவரு வந்து கேட்டா என்னங்க சொல்லுவீக?” என்று முத்துமீனா ஒருமுறை கேட்டாள். புது மேடையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

ஆவணி பிறந்ததும் சார் வந்தார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் காலிங்பெல் அடித்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“சுருளி, எங்க வீட்டு அடுப்படியைக் காணோம்.”

என்ன சொல்வதென்று நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது தானாக வந்தது.

“எந்த அடுப்படி சார்?”

உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டேன். முத்துமீனா காபி கொண்டுவந்தாள். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எங்க வீட்டு டம்ளர் மாதிரி இருக்கே” என்றார்.

“எல்லார் வீட்லயும் இந்த டம்ளர்தான சார்” என்றாள் அவள்.

“ராஜஸ்ரீ ஏழு வருஷம் அங்க சமைச்சாளே, சுருளி.”

“அம்மா சமைச்சது எங்க வீட்ல சார். மறந்துட்டீகளா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு முத்துமீனாவைப் பார்த்துக் கைகூப்பினார். கண்ணில் நீர்.

“இத்தன வருஷமா உங்க அடுப்படியில எங்களைச் சமைக்க விட்டிருக்கீங்க. ஒரு நன்றிகூடச் சொல்லாம இருந்திருக்கேனே அம்மா.”

“அதெல்லாம் என்னத்துக்கு சார்” என்றாள் முத்துமீனா. அவள் பெருந்தன்மைக்காரி.

இரவு மகன் போன் செய்தார். எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் அவர், “அங்கிள், எனக்கும் சரியா ஞாபகம் இல்ல. நான் வந்தா சாப்பாடு ஹாலுக்கே வந்துடும். உள்ள எல்லாம் போய்ப் பார்த்ததில்ல” என்றார். அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதாக அவரே முடிவுக்கு வந்தார். நான் எதுவும் தூண்டவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனது மட்டும் நான். சார் பெரும்பாலும் தெளிவாகத்தான் பேசினார் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். அவர் அதைக் கேட்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்த பிறகு சாருக்கு உண்மையிலேயே மறக்கத் தொடங்கியது. கிழமை மறந்தது, எங்கள் தெரு மறந்தது. ஒருநாள் ஹாலில் ராஜஸ்ரீ அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பால் பொங்கும் வாசனை வருகிறதாம். அந்த நேரம் முத்துமீனா பால் காய்ச்சிக்கொண்டிருந்தது வாஸ்தவம்தான். ஆனாலும் தனியாக விடுவது ஆபத்து என்று மகனுக்குச் சொன்னேன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தது நான்தான்.

அந்த இல்லத்தில் அலமாரி வேலைக்கு ஜுல்பிகர் போனது யாருடைய தப்பும் இல்லை. சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். “எங்க வீட்ல அடுப்படியே கிடையாது தம்பி. பக்கத்து வீட்ல நல்லவங்க, அவங்கதான் பார்த்துக்கிட்டாங்க” என்றிருக்கிறார். எந்த வீடு என்று ஜுல்பிகர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டார். உணர்ச்சிவசப்படுகிற ஆள்.

ஆமாம், மேடம். சுவரை இடித்தது நான். வாசலை அடைத்தது நான். அவருக்கு ஒரு சமையலறை இருந்தது என்பது எனக்குத் தெரியும், முத்துமீனாவுக்கும் தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

சுவரைத் திரும்ப எழுப்பி அவர் பக்கத்தை அவருக்கே சரிசெய்து கொடுக்க வேண்டும், செலவு என்னுடையது என்று சொன்னீர்களே, அது ஒன்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டு வேலைக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது. அதோடு, அடுத்தவர் வீட்டுச் சமையலறை விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.