கைப்பிடி நேராகத்தான் நின்றது

தலைமன்னார் பக்கமிருந்து மன்னாருக்குப் போகும் காலை பஸ் தோட்டவெளியைத் தாண்டியபோது, எனக்கு முன்னால் இருந்த பெண் கேட்டார்:

"வண்ணத்துப்பூச்சியாலயோ மூண்டு நாள் தண்ணி நிண்டது?"

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அந்தப் பெண்ணின் ஊர்த் தண்ணீர்த் தாங்கியைத் திறந்து மூடுபவர். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"வண்ணத்துப்பூச்சி வால்வு, அக்கா. பெரிய குழாயளுக்கு அதுதான் போடுறது, ஐஸ் பக்டரியிலயும் இருக்கு. குழாய்க்குள்ள ஒரு வட்டத் தகடு. கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினா தகடும் திரும்பும். கைப்பிடி குழாயோட நேரா நிண்டா திறந்திருக்கு, குறுக்க நிண்டா மூடியிருக்கு."

"பிறகென்ன?"

"கண்டவையும் திறக்கினமெண்டு கைப்பிடியைக் கழட்டி வீட்டை கொண்டுபோறனான். திரும்பப் போடேக்க கால்வட்டம் மாறிப் போட்டிட்டன். கைப்பிடி நேராத்தான் நிண்டது. உள்ள தகடு மூடிக் கிடந்தது."

"தகடு நிக்கிறது வெளியில தெரியாதோ?"

"கைப்பிடி மாட்டுற தண்டின்ர தலையில, தகடு நிக்கிற பக்கத்துக்கு ஒரு கோடு இருக்கு. அதைப் பாத்தாத் தெரியும். போன மாசம் பெயின்ட் அடிச்சு மறைச்சதும் நான்தான். இண்டைக்குக் கந்தோரில விளக்கம் எழுதிக் குடுக்கோணும். வேலை போனாலும் போகும்."

"வால்வு பழுதெண்டு எழுதுங்கோவன், தம்பி. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எழுதலாம். எழுதினா புதுசு போடக் குழாயைக் கழட்டுவினம். இன்னொரு கிழமைக்கு உங்களுக்குத் தண்ணியில்லை."

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு பேனையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அப்ப உள்ளதையே எழுதுங்கோ."