ஒத்திகை பார்க்காத வசனம்

"நோட்டு மட்டும் போதாது மயினி. நீங்க வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்து..."

"அவ உக்காந்த ஸ்டூலு. அதுல நான் போயி உக்காந்து உமக்கு..."

"...ஒரே ஒரு வசனம். அத மட்டும் எடுத்துக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு..."

"...பொறுத்தேன்னு சொல்லணுமாக்கும். அவ சொல்லாதத நான் எப்படிச் சொல்லுவேன்?"

இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. நேரம் சாயங்காலம் ஏழேகால். மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற ரோட்டில், தென்னந்தோப்புப் பக்கம் பிரிகிற மண்பாதை. மூன்று விளக்குக் கம்பம், ஒன்றுதான் எரிந்தது. சாரல் விழுவது அந்த ஒரு விளக்குக்குக் கீழேதான் தெரிந்தது. மற்ற இடத்தில் சத்தம் மட்டும்.

ஹாஜரா, அந்த ஜன்னலைச் சாத்து. தண்ணீர் கட்டில்வரை அடிக்கிறது. கரண்ட் வருகிறவரை சொல்கிறேன். அருவியில் குளித்த ஈரத்தலையோடு எல்லோரும் இப்படி ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும்போது சொல்லலாமா என்று தெரியவில்லை... கேட்டுவிட்டீர்கள்.

என் மருமகளோடு வேலை பார்க்கிறாளே சத்யபிரியா, அவள் அம்மாவுக்கு நடந்தது இது. அம்மா பேர் உலகம்மாள். பாவூர்சத்திரத்தில் இருக்கிறாள். ரோட்டில் நின்று சண்டை போட்டவள் அவள்தான். எதிரே நின்றது அவளுடைய தங்கச்சி புருஷன் முத்துராஜ். தங்கச்சி சங்கரேஸ்வரி செத்து அன்றைக்கு ஐந்து மாதம்.

முத்துராஜின் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு நாடகம் போடுவார்கள். ஒரே நாடகம்தான், எத்தனையோ தலைமுறையாக. ராஜா பொறாமைப்பட்டு ராணியைக் காட்டுக்குத் துரத்துவான். பன்னிரண்டு வருஷம் கழித்துத் தேடிப்போய் முன்னால் மண்டியிடுவான். "என்னைப் பொறுப்பாயா தேவி" என்பான். "பொறுத்தேன் ராசா, எழுந்திருங்கள்" என்பாள். அதோடு மங்களம்.

ஊரில் ஒரு கட்டு உண்டு. அந்தக் கடைசி வசனத்தை ஒத்திகையில் சொல்லக் கூடாது. ராஜா மண்டியிடுவதோடு ஒத்திகை முடிந்துவிடும். மன்னிப்பு வருஷத்துக்கு ஒரு தடவைதான், மேடையில்தான். நோட்டின் கடைசித் தாளை மடித்துச் சிவப்பு நூலால் கட்டி வைத்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறவர் அந்த நேரத்தில் நூலை அவிழ்ப்பார். மெல்லச் சொல்வார். ராணி வேஷக்காரி அதை வாங்கிச் சொல்வாள்.

அந்த ஸ்டூல் உலகம்மாள் வீட்டுப் பெண்களுக்கு. அதில் ஒரு கால் ஆடும், யாராவது உட்கார்ந்தால் பலகையில் டக்கென்று இடிக்கும். நோட்டும் அவர்களுடையது. சங்கரேஸ்வரி பதினொரு வருஷம் உட்கார்ந்தாள். ராஜா வேஷம் முத்துராஜ். புருஷன் மேடையில் பேசியதெல்லாம் பெண்டாட்டி திரைக்குப் பின்னாலிருந்து கொடுத்ததுதான்.

போன வருஷத்துக்கு முந்திய கொடை. முத்துராஜ் மேடையில் மண்டியிட்டிருக்கிறார். திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. சங்கரேஸ்வரியின் சிரிப்பு. பக்கத்தில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த இசக்கிமணியின் மடியில் ஒரு தவளை குதித்துவிட்டது, வேறொன்றும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். முத்துராஜின் காதில் விழுந்துவிட்டது.

"அடிச்சாரா?" என்று நான் சத்யபிரியாவிடம் கேட்டேன்.

அடிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பேச்சை நிறுத்திவிட்டார்.

ஆறு மாதம். போட்ட சோற்றைத் தின்பார். உப்பு வேண்டுமென்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்வார். அவள் எதைக் கேட்டாலும் சுவரைப் பார்ப்பார். தவளை கதையை அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். இசக்கிமணி வந்து வாசலில் நின்று சொன்னான். சுவர்தான்.

அவள் துணியை எடுத்துக்கொண்டு பாவூர்சத்திரத்துக்கு அக்காள் வீட்டுக்குப் போனாள். அங்கே போய் ஒன்றுதான் சொன்னாளாம்.

"அடிச்சிருந்தாலாவது கத்தியிருப்பேன்க்கா. இப்பம் நான் இருக்கனா இல்லையான்னே எனக்குத் தெரியல."

மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலும் சேர்த்தார்கள். அந்தப் பச்சிலை வாடை அவள் மேலேயே தங்கிவிட்டது. சேலையில், தலையணையில், மூச்சில்.

உலகம்மாள் முத்துராஜுக்கு இரண்டு தடவை போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மூன்றாவது நாள் சங்கரேஸ்வரியே கையை நீட்டிப் போனை வாங்கினாள். "நீ போயி எனக்குச் சுடுதண்ணி வாங்கிட்டு வாக்கா" என்றாள். உலகம்மாள் பிளாஸ்க்கோடு திரும்பி வந்தபோது போன் நெஞ்சின்மேல் கிடந்தது. பேசினாரா என்று கேட்டாள். சங்கரேஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

உலகம்மாளுடையது பட்டன் போன். பச்சையும் சிவப்பும் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரியாது. அந்தப் போன் போயிற்றா, எடுத்தாரா... பார்க்கத் தெரியவில்லை. துட்டி வீட்டில், சாவு கேட்க வந்த எல்லோரிடமும் முத்துராஜ் சொன்னதுதான் அவளுக்கும் தெரிந்தது. போன் டிராக்டரிலேயே கிடந்தது, பார்க்கவில்லை என்றார்.

ரோட்டிலும் அதையேதான் கேட்டாள்.

"அந்த மூணாவது போனு. எடுக்கலன்னுதான சொல்லுதீரு?"

"சத்தியமா எடுக்கல மயினி. எடுத்திருந்தா போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பேன்."

சாரலில் நனைந்துகொண்டே நின்றாராம். ஆள் பாதியாகிவிட்டார். ஐந்து மாதமாகத் தூக்கம் இல்லை என்றார். அந்த ஸ்டூல் இருக்கிற இடத்திலிருந்து அந்த வார்த்தை வந்து காதில் விழுந்தால் போதும், அதற்குத்தான் இந்த வருஷம் வேஷம் கட்டுகிறேன் என்றார்.  சரி, வந்து உட்காருகிறேன் என்றாள் உலகம்மாள்.

கொடை அன்றைக்கு ராணி வேஷத்துக்கு ஜெபமலர் என்று ஒருத்தி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து. காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இந்த ஊரில் யாரையும் அவளுக்குத் தெரியாது. உலகம்மாளிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள், "நீங்க என்ன எடுத்துக் கொடுக்குறீங்களோ அதத்தான் சொல்லுவேன். ஒரு எழுத்து கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்." அதே மாதிரிதான் செய்தாள். திரைப் பக்கம் லேசாகக் காதைச் சாய்ப்பாள். கேட்டதும் ஒரு தடவை தலையை ஆட்டுவாள். அப்புறம் பேசுவாள்.

இசக்கிமணி இந்தத் தடவை மேடைக்குக் கீழே, ஜனங்களோடு உட்கார்ந்து வாசித்தான். திரைக்குப் பின்னால் உலகம்மாள் மட்டும்.

முத்துராஜ் அன்றைக்கு நடித்ததுபோல் என்றைக்கும் நடித்ததில்லையாம். பொம்பிளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். உலகம்மாள் ஒவ்வொரு வசனமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அழுகிற வசனம் கொடுத்தாள், அழுதார். கெஞ்சுகிற வசனம் கொடுத்தாள், கெஞ்சினார். கடைசிக் காட்சி வந்தது. சிவப்பு நூலை அவிழ்த்தாள். தாளைப் பிரித்தாள்.

தங்கச்சி கையெழுத்து. சின்னச் சின்ன எழுத்தாக. பொறுத்தேன் ராசா, எழுந்திருங்கள்.

நாக்கு எழும்பவில்லை என்றாள். கோபம்கூட இல்லையாம்.  நோட்டை மூடி இடுப்பில் செருகினாள். எழுந்து பின்பக்கப் படி வழியாக இறங்கிவிட்டாள். மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றாள். அங்கிருந்து மேடையும் தெரியும், திரைக்குப் பின்னால் ஸ்டூலும் தெரியும். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் நாடகம் தானாக நின்றுபோகும், நிற்கட்டும் என்று நினைத்தாள். பதில் வராமல் காத்திருப்பது என்னவென்று அவருக்கும் தெரியட்டும்.

யாரும் உட்காராத ஸ்டூல்... அவள் கண் முன்னால்தான் கிடந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊரில் அந்த நாடகம் போடுவதில்லை. முத்துராஜ் ஊரில் இல்லை. மேடையிலிருந்து ராஜா உடுப்போடு இறங்கிப் போனவர்தான். எங்கே என்று கேட்டால் சத்யபிரியாவுக்கும் தெரியாது. ஜெபமலரை ஆள்மேல் ஆள் கேட்டார்கள். "பின்னாடி உட்கார்ந்திருந்த அம்மா சொன்னதத்தான் சொன்னேன்" என்றாள். எந்த அம்மா என்றதற்கு, "முதல்ல இருந்தவங்க இல்ல, ரெண்டாவதா வந்தவங்க" என்றாள். அன்றைக்கே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இருங்கள். அந்த இடத்துக்கு வருகிறேன்.

முத்துராஜ் மண்டியிட்டார். "என்னைப் பொறுப்பாயா தேவி" என்றார். ஆர்மோனியம் நின்றது. ஜனங்களிடம் ஒரு சத்தமில்லை. ஜெனரேட்டர் மட்டும்.

ஜெபமலர் திரைப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

உலகம்மாள் மனதுக்குள் எண்ணினாள். ஒன்று... இரண்டு... மூன்று... ஜெபமலர் அப்படியே நின்றாள். முத்துராஜ் முகத்தை நிமிர்த்தி, ராணியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனரேட்டர் டீசல் வாடைக்குள் வேறொரு வாடை வந்தது. பச்சையாக அரைத்த கீழாநெல்லி. உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. ஸ்டூலைப் பார்த்தாள். அதிலும் யாரும் இல்லை. ஆனால் ஸ்டூலின் ஆடுகிற கால், யாராவது உட்கார்ந்தால் மட்டும் பலகையில் இடிக்குமே... அது இடித்தது. டக். ஒரு தடவைதான்.

ஜெபமலர் தலையை ஆட்டினாள்.

ஆட்டிவிட்டு ஒரு நிமிஷம் தயங்கினாள். சரியாகக் கேட்கவில்லை என்கிற மாதிரி மறுபடியும் காதைச் சாய்த்தாள். மறுபடியும் ஆட்டினாள். அப்புறம் முத்துராஜைப் பார்த்துத் திரும்பினாள். அவள் பேசியது நாடகத் தமிழ் இல்லை. திண்டுக்கல் பேச்சும் இல்லை. ஏற்ற இறக்கமில்லாமல், வீட்டுக்குள் சோறு போடும்போது கேட்கிற மாதிரி, கேட்டாள்.

"மூணாவது தடவ போன எடுத்தியல்லா... பொறவு ஏன் பேசாமயே இருந்திய?"