கெட்டியும் கணுவும்

கோரையைப் பார்த்துப் பெயர் சொல்லக் கூடாது. தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எம்.எஸ்சி. படித்ததில் எனக்கு மிஞ்சிய உருப்படியான பாடம் இதுதான்.

சந்தாபுராவைத் தாண்டி நாங்கள் செடிக் கணக்கெடுத்த ஏரியில் இரண்டு கோரைகள் அருகருகே வளர்கின்றன. ஒரே உயரம், ஒரே பச்சை, உச்சியில் ஒரே பழுப்புப் பூங்கொத்து. புத்தகப் பெயர்கள் நீளமானவை. எங்களுக்குள் கெட்டி, கணு என்போம். தண்டை விரல்களுக்கு நடுவே வைத்து இழுத்தால் கெட்டி வழுக்கிக்கொண்டு போகும். கணுவின் உள்ளே தடுப்புகள் உண்டு. விரலில் ஒவ்வொன்றாகத் தட்டும். அந்த ஏரியில் கெட்டி நிற்கும் இடத்தில் தரை இருக்கும். கணு நிற்பது வேர்கள் பின்னிய மெத்தையின் மேல். அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கும் அதிகமான சேறு.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒருவர் பெயர் சொல்வார். இன்னொருவர் தண்டை இழுத்துப் பார்த்து "ஆமா" என்பார். அதன் பிறகுதான் மூன்றாமவர் கால் வைப்பார். நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி டீனா, அவள் அண்ணன் டிரேவர்.

போன வருடம் ஆகஸ்டில் டிரேவர் கரையில் நின்றபடியே "கெட்டி" என்றான். டீனா கால் வைத்தாள். அது கணு. அவளுக்கு இருபத்தெட்டு வயது.

விவேக் நகர் வீட்டில் டிரேவர் தன் அம்மா பெர்னதெத்தின் முன்னால் மண்டியிட்டு, "நான்தாம்மா தப்பாச் சொன்னேன்" என்றான். அத்தை அவன் தலையில் கை வைத்தார். நான் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காபி ஆறுவதற்குள் மன்னிப்பு முடிந்துவிட்டது.

என் திட்டம் நியாயமானது. அவனை அதே ஏரிக்கு அழைத்துப் போவது. மறுபடியும் அவன் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருப்பது. என் கை அவன் மேல் படாது.

இந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, பாக்கியிருக்கும் பகுதியை முடித்துவிடலாம் என்று கூப்பிட்டேன். உடனே வந்தான். பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "டீனா இருந்தா உன் டிபன் பாக்ஸ இந்நேரம் காலி பண்ணிருப்பா, மச்சா" என்றான். நானும் சிரித்தேன்.

ஏரியில் அவன் நான் எதிர்பார்க்காததைச் செய்தான். குனிந்து, தண்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

"விரல்ல தட்டுது மச்சா. கணு மாதிரி இருக்கு. நீயும் பாரு."

சரியாகச் சொன்னான். நான் இழுத்தேன். என் கட்டைவிரலுக்கு அடியில் ஏழு தடுப்புகள் போயின.

"கெட்டிடா."

"நல்லாப் பாத்தியா?"

"ஆமா."

"என் கையே இப்பெல்லாம் சரியில்ல" என்று சிரித்தான். "அன்னிக்குக் கணுவ கெட்டின்னேன். இன்னிக்குக் கெட்டிய கணுங்கறேன். நீ சொன்னா சரி."

கால் வைத்தான்.

இடுப்புவரை போனதும், "ரெமி, கயிறு" என்றான். கத்தவில்லை. கயிறு என் பையில் இருந்தது. அதன் நீளம் எட்டு மீட்டர். அவன் இருந்தது மூன்று மீட்டர் தூரத்தில். நான் கரையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கோரைகள் ஒன்றுகூடி அந்த இடத்தை மூடிக்கொண்டன.

உங்கள் ஸ்டேஷனில் விபத்து என்றே எழுதி முடித்துவிட்டீர்கள், சார். நானாக ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். நேற்று, அடக்கம் முடிந்து வந்ததும், அத்தை எனக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னார்: "டீனா போனதுலேர்ந்து ஒரே விஷயத்தத்தான் சொல்லிட்டு இருந்தான்பா. ரெமிய யாரும் எதுவும் கேக்காதீங்க, அப்படின்னு."

போன வருடம் அவன் பெயர் சொன்னபோது தண்டை இழுத்துப் பார்க்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை. இரண்டு கைகளும் போனில் இருந்தன. தலை நிமிராமல் "ஆமா" என்றேன். டிரேவர் அதைப் பார்த்தான். ஒரு வருடம் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் அவனை நான் மன்னித்திருப்பேன்.