உப்புப் பூத்த காது

பின்னேரம் நாலு மணி. சிரிக்காதீர்கள்... பேய்க்கு நடுச்சாமம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? டிசம்பர் மாதத்து ஒஸ்லோவில் நாலு மணி என்றால் கும்மிருட்டு. கடலுக்கு இறங்கும் பாதையில் ஈ காக்காய் இல்லை. காலுக்குக் கீழே பனிக்கட்டி நொறுங்குகிறது... கரக், கரக். நூறடி முன்னால் புருசன் போகிறார். பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு நிலானி.

யார் நிலானி? இதோ இங்கே இருக்கிற நம் டிலக்சியின் சின்னம்மா. டிலக்சி, கொஞ்சம் தலையை ஆட்டு, இவர்கள் நம்பட்டும்.

புருசன் இரத்தினவேல், மட்டக்களப்பு ஆள். வேலை முடிந்தால் நேரே வீடு என்று இருந்த மனுசன், ஒரு மாதமாக ஆறு மணிக்கு வருகிறார். கேட்டால் மீன் பிடிக்கப் போனேன் என்கிறார். மீன் எங்கே? ஒரு அசட்டுச் சிரிப்பு. கையில் மீன் மணம்கூட இல்லை. ஆனால் வலது காது மட்டும்... ஐஸ் மாதிரிக் குளிர்ந்து, மடலில் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறது. வாயில் ஓயாமல் ஒரு மெட்டு. சொல் கிடையாது, மெட்டு மட்டும். தூக்கத்திலும் அதே.

பெண்சாதிக்கு வேறென்ன தோன்றும்? எவளோ ஒருத்தி, காதோடு காதாகக் குசுகுசுக்கிறாள். பதினெட்டு வருசக் குடும்பம். 

அந்த மெட்டு அவளையும் தொற்றிவிட்டது. ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. ஒருநாள் கட்டில் விரிக்கும்போது தன்னை அறியாமல் முணுமுணுத்தாள். எதிர்ப்பக்கம் விரிப்பைப் பிடித்திருந்த அனஸ்ரேசியா, பிலிப்பைன்ஸ்காரி, பிடியை விட்டுவிட்டாள்.

இதை எங்கே கேட்டாய் என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள். அவளுடைய ஊர்ப் பக்கம் கடலில் மகிந்தாரா என்று ஒன்று உண்டாம். இடுப்புக்கு மேலே பெண், கீழே மீன். பாடும். கேட்ட ஆண் தானாகவே தண்ணீரில் இறங்குவான். எலும்புகூடக் கரைக்கு வராது. ஆளை வீட்டிலேயே மறித்து வை, ஆனால் கரையில் நின்று நீ வாய் திறக்காதே, அது குரலைப் பிடித்துக்கொள்ளும் என்றாள்.

நிலானி நம்பினாளா? ஓகோ, இவளுக்கு எப்படி அந்த மெட்டுத் தெரியும்? இவள்தான் அவள்! கதை விட்டு என்னை வெருட்டப் பார்க்கிறாள்... அப்படித்தான் நினைத்தாள். அடுத்த நாளே அரைநாள் லீவு போட்டுவிட்டுப் புருசனுக்குப் பின்னால் போனாள்.

பாதை முடிந்தது. மரத்தால் கட்டிய இறங்குதுறை, ஒற்றை விளக்கு, அழுகிய பாசி மணம். பெண் எவளும் இல்லை. இரத்தினவேல் முழங்காலில் இருந்தார். பலகைக்கு அடியிலிருந்து ஒரு பழைய துடுப்பை இழுத்து, அகன்ற முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்தார். கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து இப்படித்தான் கேட்பார்கள், வாவியில் மீன் பாடுவதை. மட்டக்களப்புக்கே அது பெருமை. தண்ணீருக்குள் பாட்டுக் கேட்டால் பயப்பட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நிலானிக்கு ஆறுதல் வந்த வேகத்தில் கோபமும் வந்தது. கடலே அதிரக் கத்தினாள்.

"இஞ்சாருங்கோ! ஒரு மாசமா என்னை விசராக்கிப்போட்டு இஞ்சை மீன்பாட்டோ கேக்கிறியள்? எழும்பி வாங்கோ!"

அவர் வெட்கத்தோடு நிமிர்ந்தார். "இஞ்சயும் பாடுது புள்ள... நம்மட மீன் மாதிரியே."

அவள் துடுப்பைப் பிடுங்கப் போனாள். வரவில்லை. இரண்டாம் தரம் இழுக்க... யாரோ கையை எடுத்தது போலச் சட்டென்று வந்தது.

இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று அன்றே சத்தியம் வாங்கினாள். அவரும் போகவில்லை. மெட்டும் நின்றது. ஒரு கிழமை அப்படியே நிம்மதியாகப் போனது. அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று நிலானிக்கு மனம் குத்தியது. இடைவேளையில் அனஸ்ரேசியாவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, நடந்ததைச் சொன்னாள்.

கரையில் நீ ஒன்றும் கதைக்கவில்லையே என்று அனஸ்ரேசியா கேட்டாள்.

நிலானி வாய் திறக்குமுன் கைபேசி அடித்தது. இரத்தினவேல். காற்றுச் சத்தம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"எங்க நிக்கிறாய்? நீ கூப்பிட்ட சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தன்."

"நான் வேலையிலை நிக்கிறன்! உங்களை ஆர் கூப்பிட்டது? எங்கை நிக்கிறியள்?"

இறங்குதுறைப் பலகையில் காலடி... டக், டக். பிறகு அவர் சிரித்தார், அன்பாக.

"ஆ, கண்டிட்டன். ஏன் தண்ணிக்குள்ள நிண்டு கை காட்டுறாய்... குளிரல்லையா புள்ள?"